பெராரி 328: டைமிங் பெல்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

மிட்லண்ட்ஸ்_முரளி

வணக்கம் நண்பர்களே. பர்மிங்காம் பக்கம் இருக்கிறேன். ரொம்ப நாள் ஆசைப்பட்டு ஒரு 1987 மாடல் பெராரி 328 ஜி.டி.எஸ் வாங்கியிருக்கிறேன். வலதுபக்க ஸ்டியரிங், சிவப்பு. (சிவப்பு வேண்டாம் என்றுதான் தேடினேன். கிடைத்தது சிவப்பு.)

பெயிண்ட், லெதர் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது. கார் அதிகம் ஓடவில்லை. அதுதான் பயமே. கடைசியாக டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் நேரம் தவறாமல் சேர்ந்து ஓட வைக்கும் பல் பட்டை) மாற்றிய முத்திரை சர்வீஸ் புத்தகத்தில் எட்டு வருஷம் முந்தையது.

எனக்குத் தெரிந்தவரை: 3185 சி.சி வி8, குறுக்குவாக்கில் வைத்தது, சிலிண்டருக்கு நாலு வால்வு. ஒவ்வொரு பேங்குக்கும் (நாலு சிலிண்டர் வரிசை) ஒரு பெல்ட், ஆக இரண்டு. பிறகு வந்த 348, 355 மாதிரி எஞ்சினையே கீழே இறக்க வேண்டியதில்லை. வலது பின் சக்கரத்தைக் கழற்றி உள் மட்கார்டை எடுத்தால் கை போகும் என்கிறார்கள்.

பெல்ட், அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங், வால்வைத் திறக்கும் கேம் ஷாப்ட்டின் ஆயில் சீல், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒரு ஸ்பெஷலிஸ்ட் சொன்ன தொகைக்கு நான் தினமும் ஆபீஸ் போகும் காரையே வாங்கிவிடலாம். பிரேக், கிளட்ச், பழைய டீசல் காரில் டைமிங் பெல்ட் என்று முன்பு செய்திருக்கிறேன். டார்க் ரெஞ்ச், நல்ல ஜாக்கி, ஸ்டாண்ட் எல்லாம் கராஜில் இருக்கிறது. இதில் கை வைக்கலாமா? இந்த எஞ்சினைத் தொட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஷார்ஜா_சாமி

முரளி, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம்.

இது பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும் எஞ்சின். அறுந்த பிறகு 32 வால்வையும் கழற்றிப் பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் ஸ்பெஷலிஸ்ட் கேட்டது சில்லறை. அதோடு நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவன் முதலில் கேட்பது முத்திரை. "நானே மாற்றினேன்" என்றால் உதட்டைப் பிதுக்குவான். மிச்சம் பிடித்ததை அங்கே விட்டுவிடுவீர்கள்.

ஸ்காபரோ_அண்ணை

தம்பி முரளி, முதல்ல ரைமிங் பெல்ட்டை விடுங்கோ. பெற்றோல் ஹோஸுக்கு எத்தினை வயசு? அதைச் சொல்லுங்கோ.

நான் கனடாவில கன வருசமா கராஜ் வேலை செய்யிறன். 308, 328, மொண்டியல் எல்லாம் கைபட்டிருக்கு. எல்லாரும் வந்து கேக்கிறது பெல்ட்டைப் பற்றித்தான். ஒருத்தரும் ஹோஸைப் பற்றிக் கேக்கிறேல்லை. பெல்ட் அறுந்தா எஞ்சின் மட்டும்தான் போகும். ஹோஸ் விட்டா காரோட சேர்த்து வீடும் போகலாம்.

ஏன் எண்டு சொல்லுறன். உங்கட காரில கார்புரேற்றர் இல்லை, பொஷ் கே-ஜெட்ரோனிக், பெற்றோலை அமுக்கத்தில அடிக்கிற இன்ஜெக்ஷன். பம்ப் ஓடுற நேரம் முழுக்க லைனில ஏறக்குறைய 5 பார் அமுக்கம். எஞ்சினை நிப்பாட்டினாலும் அது உடனே இறங்காது. சூடான எஞ்சின் திரும்ப லேசா ஸ்ராட் ஆக வேணும் எண்டு அமுக்கத்தைப் பிடிச்சு வைக்க ஒரு அக்குமுலேற்றர் பூட்டியிருக்கிறாங்கள். இனி எஞ்சின் கிடக்கிற விதத்தைப் பாருங்கோ. குறுக்கால கிடக்கிறபடியால் ஒரு பேங்கின்ர எக்ஸோஸ்ட் சீற்றுக்குப் பின்னால இருக்கிற சுவரோட போகுது. காத்தோட்டம் குறைவு, சூடு கூட. அந்தச் சூட்டுக்குள்ள முப்பது வருசத்து ரப்பர். ஒரு ஊசித் துளை வந்தாக் காணும், பெற்றோல் சொட்டாது, ஸ்பிரே மாதிரி அடிக்கும்.

பாக்கிறது எப்பிடி: எஞ்சின் குளிர்ந்த நேரம் ஒவ்வொரு ஹோஸையும் விரலால வளைச்சுப் பாருங்கோ. வளைவின்ர வெளிப்பக்கத்தில மெல்லிய வெடிப்புத் தெரிஞ்சா அது முடிஞ்சுது. கிளிப் கடிச்ச இடத்தை ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. நெய்த துணி சுத்தின ஹோஸ் எண்டா வெளியில வடிவாத்தான் இருக்கும், உள்ளுக்க மாப்போல உதிரும். வயசு தெரியாட்டி நோண்டிப் பாத்துக்கொண்டு நிக்காம மாத்துங்கோ. பெற்றோல் ராங்க் ரெண்டு, இடமும் வலமும். ரெண்டையும் சேர்க்கிற ஹோஸ் அடியில இருக்கு, அதைத்தான் எல்லாரும் மறக்கிறது.

வாங்கேக்க இன்ஜெக்ஷனுக்கு எண்டு எழுதின ஹோஸ், ஆர்9 எண்டு மேல அச்சடிச்சிருக்கும். கார்புரேற்றர் ஹோஸ் மலிவு எண்டு போடாதேங்கோ. கிளிப்பும் ஓரம் மடிச்ச இன்ஜெக்ஷன் கிளிப், திருகுப் பல்லு ரப்பரை வெட்டுற சாதாரண கிளிப் இல்லை. கழட்ட முதல் பற்றறி நெகட்டிவை எடுத்துப்போட்டு, இணைப்பில துணி சுத்தி, மெல்லமாத் தளர்த்தி அமுக்கத்தை இறக்குங்கோ. கராஜ் கதவு திறந்திருக்க வேணும். சுடுதண்ணி பொயிலர் பைலட் விளக்கோட அதே அறையில இருந்தா வேலையை முற்றத்தில வையுங்கோ.

இதைச் செய்து முடிச்சிட்டு வாங்கோ, பெல்ட்டைக் கதைப்பம். அது செய்யலாம்.

கே_ஜெட்_குமரன்

அண்ணை சொன்னதற்கு நூறு லைக். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒன்று சேர்க்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் என்பது இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. சூப்பர் வகை இன்னும் இ5 ஆகக் கிடைக்கிறது, அதையே போடுங்கள். குளிர்காலம் முழுக்க காரை நிறுத்தி வைப்பவர்கள் கே-ஜெட் டிஸ்ட்ரிபியூட்டரை (சிலிண்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் பாகம்) கெடுத்துக்கொள்வது இப்படித்தான். உள்ளே இருக்கும் பிளஞ்சர் மயிரிழை இடைவெளியில் ஓடுவது. பெட்ரோல் காய்ந்து பிசினானால் ஒட்டிக்கொள்ளும்.

கே-ஜெட் வந்திருப்பதில் நல்ல செய்தியும் உண்டு. அதே பொஷ் சிஸ்டம்தான் அந்தக் கால மெர்சிடிஸ், வோல்வோ, போர்ஷே கார்கள் பலவற்றிலும். பெராரி பெட்டியில் வரும் சாமானுக்கு ஒரு விலை, பொஷ் எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேறு விலை. பெட்டிக்கு மேலே குதிரை படம் இருப்பதற்குத்தான் மிச்சக் காசு.

மிட்லண்ட்ஸ்_முரளி

அண்ணை, நன்றி. இன்றைக்கே ரோர்ச் அடித்துப் பார்த்தேன். பில்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோஸ் கொஞ்சம் புதுசு. டாங்கிலிருந்து வருவது, டாங்குகளைச் சேர்ப்பது இரண்டும் காரோடு பிறந்ததாகத்தான் தெரிகிறது. வளைத்தால் வெடிப்பு தெரிகிறது. காலையில் கராஜைத் திறந்தால் லேசாக பெட்ரோல் வாசம் வரும், பழைய கார் என்றால் அப்படித்தான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லா ஹோஸுக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன். தீயணைப்பானும் ஒன்று வாங்கியாயிற்று.

சாமி சார், முத்திரை விஷயம் புரிகிறது. ஆனால் விற்க வாங்கவில்லை.

ஷார்ஜா_சாமி

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். :) சரி, செய்வது என்று முடிவெடுத்துவிட்டால் ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம், ஒவ்வொரு சாமானுக்கும் ரசீது, கழற்றிய பழைய பெல்ட்டைத் தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள். முத்திரை மட்டும் இருந்து ரசீது இல்லாத காரை விட, படத்தோடு வரும் காரை நான் நம்புவேன். முத்திரை குத்துவதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்.

டயரையும் பாருங்கள். 328-க்கு முன்னால் 205/55, பின்னால் 225/50, 16 அங்குலம். கட்டை தேயாமல் புதுசு மாதிரியே இருக்கும், ஓடாத கார் அல்லவா. பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கம்தான் ஜாதகம்: 2314 என்றால் 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். 2013-இல் நடிகர் பால் வாக்கர் இறந்த போர்ஷே கரேரா ஜி.டி விபத்தில், வேகம்தான் காரணம் என்று சொன்ன விசாரணை அதிகாரிகள் டயர்களுக்கு 9 வயது என்பதையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள்.

பீளமேடு_லேத்

அண்ணா வணக்கம்ங்க. நான் கோயமுத்தூர்ல லேத் பட்டறை வெச்சிருக்கேன். பெராரியை நேர்ல தொட்டதில்லீங்க, ஆனா ஆயில் சீல் எல்லா எஞ்சின்லயும் ஒண்ணுதானுங்களே, அதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

கேம் சீலை சுத்தியல்ல தட்டி இறக்காதீங்க. ஒரு பக்கம் சாஞ்சு போனா லிப் (ஷாப்ட்டைத் தொடுற ரப்பர் ஓரம்) மடங்கிரும், மாட்டும்போது தெரியாது, ஓடுனா ஒழுகும். சீலோட வெளி விட்டத்துக்கு ஒரு சுத்துக் கம்மியா அலுமினியத்துல ஒரு குழாய்த் துண்டு கடைஞ்சுக்குங்க, பக்கத்துல எந்த லேத் பட்டறையிலயும் செஞ்சு தருவாங்க. அதை வெச்சு நேரா அழுத்தினா ஒரே மட்டமா இறங்கும். லிப்புக்கு ஆயில் தடவாம காய்ஞ்ச சீலை மாட்டவே கூடாதுங்க.

பழைய சீல் ஓடின இடத்துல ஷாப்ட்டை நகத்தால தேய்ச்சுப் பாருங்க. நகம் மாட்டுச்சுன்னா அங்க பள்ளம் விழுந்திருக்குன்னு அர்த்தம். அப்ப புது சீலை பழைய ஆழத்துக்கே இறக்காம, இடம் இருந்தா ஒரு மி.மீ. முன்னாடியே நிறுத்துங்க. லிப் பள்ளம் இல்லாத எடத்துல உக்காரும். ஷாப்டுக்கு மெருகு போடறேன்னு எமரி பேப்பரைக் குறுக்கமறுக்கத் தேய்ச்சுராதீங்க, அந்தக் கீறலே ஆயிலை வெளிய இழுத்துட்டு வந்துரும்.

புதுசா_வந்தவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 328-ஐ விட 348 பல இடங்களில் விலை குறைவாகத் தெரிகிறதே, அதை வாங்கி இதே மாதிரி வீட்டில் பராமரிக்கலாமா?

கே_ஜெட்_குமரன்

348-இல் எஞ்சின் நீளவாக்கு. பெல்ட் இருக்கும் முன்பக்கம் சீட்டுக்குப் பின்னால் உள்ள சுவரோடு ஒட்டி நிற்கும். பின் சப்பிரேமோடு (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) எஞ்சினை இறக்காமல் பெல்ட்டைத் தொட முடியாது. 355-உம் அப்படியே. லிப்ட் இருந்தால் யோசியுங்கள். அடுத்து வந்த 360-இல் பெல்ட்டை எட்டச் சீட்டுக்குப் பின்னால் திறக்கிற மாதிரி ஒரு மூடி வைத்துவிட்டார்கள், 430-இல் பெல்ட்டே இல்லை, செயின். கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி, இதில் முரளியின் கார் திறந்து கிடக்கிறது.

மிட்லண்ட்ஸ்_முரளி

ஹோஸ் வேலை முடிந்தது. வாசம் போய்விட்டது. அடியில் இருந்த இணைப்பு ஹோஸைக் கழற்றியதும் கையிலேயே இரண்டாகப் பிளந்தது.

இப்போது பெல்ட். வலது பின் சக்கரம், உள் மட்கார்டு எல்லாம் எடுத்தாயிற்று. ஏ.சி. கம்ப்ரஸரை அவிழ்த்து ஓரமாகக் கட்டி வைத்திருக்கிறேன் (கேஸ் குழாயைப் பிரிக்கவில்லை). பெல்ட் கவர் இரண்டும் வந்துவிட்டன. டைமிங் மார்க் விஷயத்தில்தான் குழப்பம். வால்வு கவரையும் திறக்க வேண்டுமா?

கே_ஜெட்_குமரன்

தேவையில்லை என்பது என் கட்சி. முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து பிளைவீலில் பி.எம். 1-4 கோட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது இடப்பக்கம் கிளட்ச் கூட்டில் உள்ள சின்ன ஜன்னலில் தெரியும். பிறகு பழைய பெல்ட்டும் புல்லியும் சேரும் இடங்களில் வெள்ளை பெயிண்ட் கோடு போடுங்கள். பழைய பெல்ட்டைக் கழற்றி, கோட்டுக்குக் கோடு பல் எண்ணி, அதே கோடுகளைப் புது பெல்ட்டில் போட்டு மாட்டுங்கள். அவ்வளவுதான். வால்வு கவரைத் திறந்தால் கேஸ்கெட் வேலை, அதற்கு மேலே இன்டேக் குழாய் வேலை, ஒழுகல் பயம், எல்லாம் சேர்ந்து வரும்.

ஸ்காபரோ_அண்ணை

குமரன் சொல்லுற மாதிரிச் செய்து கனபேர் ஓடுறாங்கள், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த முறை பழசை அப்பிடியே கொப்பி அடிக்கிறது. எட்டு வருசத்துக்கு முதல் மாத்தினவன் ஒரு பல்லு தள்ளி மாத்தியிருந்தா? ஒரு பல்லு பிழைச்சாலும் எஞ்சின் ஓடும், வால்வும் தட்டாது, கொஞ்சம் சோம்பலா இருக்கும். "பழைய கார்தானே" எண்டு விட்டிருப்பாங்கள். நீங்களும் அதே பிழையைப் பெயின்ற் அடிச்சுக் காப்பாத்துவியள்.

உண்மையான கோடு கேம் சாப்டிலயும் அதைப் பிடிச்சிருக்கிற பேரிங் மூடியிலயும்தான் இருக்கு. கவரைத் திறந்தாத்தான் தெரியும். நாலு கேமிலயும் கோடும் கோடும் நேருக்கு நேர் நிக்க வேணும், அந்த நேரம் பிளைவீல் பி.எம். 1-4 இல நிக்க வேணும். திறந்தாப் பிறகு வால்வு இடைவெளியையும் பீலர் கேஜால அளந்து எழுதி வையுங்கோ, அதுக்கெண்டு இன்னொருக்காத் திறக்கத் தேவையில்லை.

பெல்ட்டை எடுக்கேக்க ஒரு பேங்கில வால்வு ஸ்பிரிங் கேமைத் தள்ளிக்கொண்டு நிக்கும், பெல்ட் விட்ட உடன புல்லி டக்கெண்டு திரும்பும். எல்லாரும் பதறுறது அந்த நேரம்தான். முதலே புல்லியைப் பிடிச்சு வையுங்கோ, துணி வைச்சு கிளாம்ப் போட்டாலும் சரி, லொக் ரூல் இருந்தாலும் சரி. ரெண்டு பேங்கையும் ஒண்டாக் கழட்டாதேங்கோ. ஒண்டை முடிச்சுப்போட்டு மற்றது.

ரென்ஷனரை ஸ்பிரிங்தான் தள்ளும், நீங்கள் லீவர் போட்டு இழுக்கிறேல்லை. நட்டைத் தளர்த்திவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, எஞ்சினைக் கையால ஓடுற திசையில ரெண்டு முழுச் சுத்துச் சுத்துங்கோ. ஸ்பிரிங் தன்ர இடத்தை எடுத்துக்கொள்ளும், பிறகு நட்டை இறுக்குங்கோ. பின்பக்கமாச் சுத்தாதேங்கோ. சுத்தேக்க எங்கையும் கெட்டியா முட்டினா பலத்தைப் போடாம நிப்பாட்டுங்கோ. கடைசியா திரும்ப எல்லாக் கோட்டையும் பாருங்கோ. பாக்காமல் ஸ்ராட் பண்ணுறவனுக்கு நான் உதவி செய்யமாட்டன்.

கே_ஜெட்_குமரன்

அண்ணை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கவர் கேஸ்கெட் ஒழுகாத காரில் இன்னும் என் கட்சியில்தான் நிற்கிறேன்.

மிட்லண்ட்ஸ்_முரளி

என் காரில் கேஸ்கெட் ஏற்கெனவே ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் அண்ணை பக்கம் போய்விட்டேன். திறந்து பார்த்ததில் நாலு கேமும் சரியாகவே நின்றன, முன்பு செய்தவர் வேலைக்காரர்தான்.

டென்ஷனர் பேரிங் இரண்டில் ஒன்றைக் கையால் சுற்றினால் வறண்ட சத்தம். பழையதைத் துடைத்துப் பார்த்தேன், ஓரத்தில் பேரிங் கம்பெனியின் சொந்த எண்ணே பொறித்திருந்தது. அந்த எண்ணை உள்ளூர் பேரிங் கடையில் சொன்னேன், எந்தக் கார் என்றுகூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

பீளமேடு அண்ணா, குழாய்த் துண்டு கடைந்து வாங்கினேன். சீல் வெண்ணெய் மாதிரி இறங்கியது. நகம் ஒரு ஷாப்டில் மாட்டியது, அங்கே கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினேன்.

பீளமேடு_லேத்

ரொம்ப சந்தோசம்ங்க. அலுமினிய ஹெட்டுங்கிறதால கவர் போல்ட்டை இறுக்கும்போது மட்டும் பார்த்து. ஒழுகுதேன்னு இன்னொரு திருப்புத் திருப்பினா மரை போயிரும். அப்புறம் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலா போடற கம்பிச் சுருள்) போடணும். நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போங்க.

ஷார்ஜா_சாமி

வாட்டர் பம்ப்?

மிட்லண்ட்ஸ்_முரளி

பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் கூலண்ட் கசிந்து காய்ந்த கறை இருந்தது, அதனால் அதையும் கழற்றி உள் சீல், பேரிங் மாற்றிப் போட்டேன்.

ஓடுகிறது! முதல் சாவியிலேயே பிடித்தது. கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டேன், சத்தம் சுத்தம், எண்ணெய் அழுத்தம் சரி. தெருவில் ஒரு சுற்று. குளிரில் இரண்டாவது கியர் விழவே மாட்டேன் என்கிறது. திரும்பி வந்து நிறுத்தியபோது டெம்பரேச்சர் முள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. 100 தாண்டியதும் அணைத்துவிட்டேன். பயந்துபோய் எழுதுகிறேன்.

கே_ஜெட்_குமரன்

இரண்டாவது கியரை விடுங்கள், அது இந்த வம்சத்துக்கே உள்ளது. கியர் பாக்ஸ் ஆயில் சூடாகும்வரை முதலிலிருந்து நேரே மூன்றாவதுக்குப் போங்கள், திணித்தால் சிங்க்ரோ (கியரை வேகம் ஒத்து விழவைக்கும் வளையம்) தேயும்.

சூடு வேறு விஷயம். ரேடியேட்டர் முன் மூக்கில், எஞ்சின் பின்னால், நடுவில் நீளக் குழாய். கூலண்டை வடித்து நிரப்பினால் காற்று எங்காவது மாட்டிக்கொள்ளும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் தலையில் உள்ள திருகையும் தெர்மோஸ்டாட் கூட்டில் உள்ள திருகையும் திறந்து குமிழி நிற்கும்வரை விடுங்கள். டாங்கில் கூலண்டைக் குறையவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்கணும். ஆறிய எஞ்சினில் மட்டும்.

மிட்லண்ட்ஸ்_முரளி

காற்று எடுத்தேன். நிறைய வந்தது. ஓடும்போது முள் இப்போது 85 பக்கம் அசையாமல் நிற்கிறது. ஆனால் நிறுத்தி வைத்தால் இன்னும் ஏறுகிறது. முன்னால் போய்ப் பார்த்தால் ரேடியேட்டர் பேன் (விசிறி) இரண்டில் எதுவும் சுற்றவில்லை.

ஸ்காபரோ_அண்ணை

நினைச்சன். ரேடியேற்றரில இருக்கிற, சூடேறினாப் பேனைப் போடுற தேர்மோ சுவிச்சின்ர ரெண்டு வயரையும் கழட்டி ஒண்டோட ஒண்டு முட்ட வையுங்கோ, சாவி போட்டபடி. பேன் சுத்தினா சுவிச் பழுது, லேசான வேலை. சுத்தாட்டி பியூஸ் போர்ட்டுக்குப் போங்கோ.

மிட்லண்ட்ஸ்_முரளி

சுற்றவில்லை. பியூஸ் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஆனால் போர்டுக்குப் பின்னால் செருகும் கனெக்டர் ஒன்றில் பிளாஸ்டிக் பழுப்பாகி லேசாக உருகியிருக்கிறது. வயரை அசைத்தால் பேன் ஒரு நொடி சுற்றி நிற்கிறது. இப்போதைக்குக் கொஞ்சம் பெரிய பியூஸ் போட்டு ஓட்டலாமா?

ஸ்காபரோ_அண்ணை

பெரிய பியூஸ் போடவே போடாதேங்கோ! பியூஸ் போகேல்லையே தம்பி, சூடு வாறது இணைப்பில. முள்ளுத் தளர்ந்து, கறல் பிடிச்சு, அந்த இடத்தில தடை கூடிச் சுடுது. பேன் ரெண்டும் இழுக்கிற கரண்ட் அந்தச் சின்ன முள்ளு வழியாத்தான் போகுது. 308, 328 காரில இது வழமை. பெரிய பியூஸ் போட்டா பிளாஸ்ரிக் உருகி முடியுமட்டும் அது பேசாம இருக்கும்.

பற்றறியைக் கழட்டுங்கோ. உருகின கனெக்டரை வெட்டி எறிஞ்சுபோட்டுப் புது முள்ளை வயரில நசுக்கிப் பூட்டி கிரிம்ப் பண்ணுங்கோ, ஈயம் மட்டும் வைச்சு ஒட்டாதேங்கோ, சூட்டில விட்டிடும். பேனுக்கு எண்டு தனி ரிலே (சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நிப்பாட்டுற சுவிச்) ரெண்டு வையுங்கோ, பற்றறியில இருந்து நேர தடிச்ச வயர், வயரின்ர தொடக்கத்திலேயே பியூஸ். பழைய லைன் ரிலேயை மட்டும் இயக்கட்டும், அப்ப போர்டில கரண்ட் ஓடாது. ஜன்னல் கண்ணாடி ஆமை மாதிரி ஏறுது எண்டு அடுத்ததாக் கேப்பியள், அதுக்கும் இதே ரிலே வைத்தியம்தான், கண்ணாடி ஓடுற கம்பளித் துணிக்குக் கொஞ்சம் சிலிக்கன் ஸ்பிரேயும் அடியுங்கோ.

போர்ட்டின்ர பின்பக்கத்தை வெளிச்சத்தில வைச்சு வடிவா ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. மற்ற முள்ளுகளும் பழுப்பாகியிருந்தா, ஒவ்வொண்டாத் திருத்துறதை விட போர்ட்டையே மாத்துறது நல்லம். பாத்துச் சொல்லுறன்.